சம்மாட்டி ஏலத்தில் எடுத்த பூசணிக்காய்

எங்கள் பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவில் நேற்றும் ஒரு படம் வந்து விழுந்தது. ரொறன்ரோவில் இருக்கும் நம் வகுப்புக்காரி ஒருத்தி, அங்கத்தைய விவசாயிகள் சந்தையில் ஒரு பூசணிக்காயைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு நிற்கிறாள். படத்தின் கீழே ‘உள்ளூரில் விளைந்ததை வாங்குவதன் நன்மைகள்’ என்று நீளமாக ஒரு பட்டியல். அதற்கும் கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கும்பிட்டிருக்கிறீர்கள். படிப்பித்த ரீச்சர்மாரைக்கூட நாங்கள் அப்படிக் கும்பிட்டதில்லை.

என் வயதுக்காரிகளே, வயதுக்காரரே, எனக்குச் சலித்துவிட்டது. உள்ளூர் மரக்கறி நல்லது என்று எனக்கு இனி ஒருவரும் சொல்ல வேண்டாம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோதே அதை ஒரு தவக்காலம் முழுவதும், அது போதாதென்று உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகும், தின்னத் தந்தே நிரூபித்துவிட்டார்கள். இன்றைக்கும் கொழும்பில் ஏதாவது விருந்தில் பூசணிக்காய்ச் சூப் என்று ஒரு கோப்பையை நீட்டினால் என் கை தானாகச் செபமாலையைத் தேடும். ஆனாலும் குடித்துவிட்டு, அருமை என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். படித்த பெண் என்று பெயரெடுத்த பிறகு இப்படிச் சில தண்டனைகளைத் தவிர்க்க முடியாது.

அது வெளிநாட்டிலிருந்து வருவதையெல்லாம் அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம். வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நாமே விளைவிக்க வேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் மிளகாய் போட்டவர்கள் கல்வீடு கட்டினார்கள். மன்னார்த் தீவில் நாங்கள் மணலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எங்கள் மணலில் தன்பாட்டில் பெருகியவை பனையும் கழுதையும்தான். மன்னார்ப் பட்டினத்துக்கு மேற்கே, தாழ்வுபாட்டுப் பக்கமாக, கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. மீனுக்குக் குறைவில்லை. காலையில் மீன், மத்தியானம் மீன், இரவில் மத்தியானத்து மீன்.

மரக்கறி என்றால் அது கோச்சியில் வர வேண்டும். ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மலைநாட்டில் பிடுங்கிய முட்டைக்கோவாவும் கரட்டும் லீக்ஸும் கொழும்பைச் சுற்றிக்கொண்டு, சாக்குக்குள் புழுங்கி, தலைமன்னார்க் கோச்சியில் வந்து இறங்கும். இறங்கும்போது லீக்ஸ் குளித்துவிட்டுப் போட்ட துவாய் போலக் கிடக்கும். கரட்டை வளைத்துக் காப்புப் போடலாம், நான் போட்டிருக்கிறேன். அப்பா அதைத்தான் வாங்குவார். அப்பா சம்மாட்டி. சொந்தமாகக் கரைவலையும் வள்ளமும் வைத்து, ஆட்களை வைத்துத் தொழில் நடத்துகிறவருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சம்மாட்டி வீட்டில் கோவா அவிகிற மணம் ஒழுங்கை முழுவதும் போக வேண்டும் என்பதற்காகக் குசினி யன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார். அது மணம் இல்லை என்று ஒழுங்கையில் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. சம்மாட்டிக்கு யார் சொல்வது?

இதிலே எரிச்சல் வருகிற விஷயம் என்னவென்றால், பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்தில் கட்டுக்கரைக் குளம் இருந்தது. குளத்துக்குக் கீழே கண்ணுக்கெட்டிய வரை வயல். நெல் வெட்டிய கையோடு அந்த ஈரத்தில் கத்தரி, பயிற்றை, வெண்டி, பூசணி எல்லாம் போடுவார்கள். பஸ்ஸில் ஏறினால் உடம்பு நோவதற்குள் போய்விடலாம். அங்கே விலைப்படாத பூசணியை மாடு தின்றுகொண்டிருந்தது. இங்கே நாங்கள் மலைநாட்டுக் கரட்டை வளைத்துக்கொண்டிருந்தோம். ஏன் என்று நான் கேட்கவில்லை. கட்டுக்கரை என்ற சொல்லையே எங்கள் வீட்டில் சொல்லக்கூடாது. அங்கே மாமி இருந்தார்.

மாமி அப்பாவின் ஒரே தங்கை. அந்த நாளில் அறுவடை முடிந்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள் கருவாட்டைப் பனையோலை உமலில் கட்டிக்கொண்டு வயல்கரை ஊர்களுக்குப் போய், கொடுத்து நெல் வாங்கி வருவார்கள். அப்படிப் போன மாமி ஒரு வருஷம் நெல்லோடு ஒரு வயல்காரரையும் மனதில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாப்பிள்ளையும் எங்களைப் போல வேதக்காரர்தான். குடிக்க மாட்டார், சண்டை பிடிக்க மாட்டார். அப்பா கண்டுபிடித்த குற்றம் ஒன்றே ஒன்று: அந்த மனிதர் வாழ்நாளில் கடலில் கால் நனைக்கவில்லை. “சேத்துக்க நிண்டு முதுகு வளைக்கிறவனுக்குச் சம்மாட்டி வீட்டுப் பொம்பிளையோ?” என்று கேட்டுவிட்டு, கலியாணத்துக்குப் போகாமல் கடலுக்குப் போனார். கலியாணம் நடந்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசவில்லை. நான் பிறந்ததற்கு மாமி அனுப்பிய அரிசி மூட்டை, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனதாம்.

இந்த நிலையில்தான் ஊர்க் கோயிலுக்குப் புதுப் பங்குச் சுவாமி வந்தார். யாழ்ப்பாணப் பக்கம், இளம் வயது, நிறைய வாசிப்பார், அது போதாதென்று சைக்கிளில் எல்லா ஒழுங்கைக்கும் போவார். போன இடமெல்லாம் கடைவாய் வெடித்த பிள்ளைகளைக் கண்டார். மீனும் சோறும் பாணுமாகத் தின்று நாங்கள் எல்லோரும் வாயைக் குறுக்கித்தான் சிரிப்போம். எனக்கும் இரண்டு பக்கமும் வெடிப்பு. மரக்கறியின் நன்மைகளைச் சொன்னால் சனம் தின்னும் என்று சுவாமி நம்பினார். படித்தவர்களுக்கு வருகிற நோய் இது. எனக்கும் பிறகு வந்தது. அறியாமையினால் யாரும் கத்தரிக்காயை வெறுப்பதில்லை. நன்றாக அறிந்துதான் வெறுக்கிறோம்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு பிரசங்கத்தில் சுவாமி அதை எடுத்தார்.

“வாற கிழமை தொடக்கம் கட்டுக்கரைச் சனம் தங்கட மரக்கறியை இஞ்ச கோயில் வளவுக்குக் கொண்டு வருவினம். பூசை முடியக் காசு குடுத்து வேண்டுங்கோ. விடியப் பிடுங்கினது மத்தியானம் உங்கட சட்டிக்குள்ள கிடக்கும். ஆர் விளைவிச்சது எண்டு முகம் பாத்து வேண்டலாம். உங்கட காசு கொழும்பு முதலாளிக்குப் போகாது. பாலத்துக்கு அங்கால இருக்கிற உங்கட சகோதரங்களுக்குப் போகும். அவையள் அந்தக் காசில உங்களிட்ட மீன் வேண்டுவினம்.”

சகோதரம் என்ற சொல் வந்ததும் அப்பா செருமினார். கோயிலில் பாதிப் பேர் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

பூசை முடிந்து வரும்போது பெண்கள் பேசிக்கொண்டது இன்னும் காதில் கிடக்கிறது.

“இந்த முறை தவசுக்குக் கத்தரிக்காயாமடி.”

“போன சுவாமி சுருட்டை விடச் சொன்னவர். அது ஆம்பிளையளுக்குத்தான். இது எங்கட தலையிலயல்லோ வந்து விடிஞ்சிருக்கு.”

அடுத்த ஞாயிறு, பூசை நடந்துகொண்டிருக்கும்போதே வெளியில் ட்ரக்டர் சத்தம் கேட்டது. கோயில் வளவுப் பூவரச மரத்துக்குக் கீழே சாக்கை விரித்து, கத்தரிக்காய், பயித்தங்காய், கீரைக்கட்டு, நடுவில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பெரிய பூசணிக்காய் என்று வயல்காரர் அடுக்கி வைத்திருந்தார்கள். இங்கேதான் பிழை நடந்தது. எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் இப்படி ஒரு பிழை நடக்காது என்று நான் இன்றுவரை நம்புகிறேன்.

எங்கள் வழக்கப்படி, கோயில் மதிலுக்கு உள்ளே தின்னக்கூடிய எது கிடந்தாலும் அது எங்கள் கோயில் புனிதர் அந்தோனியாருக்குச் சொந்தம். நேர்த்தி வைத்தவர்கள் சேவலோ தேங்காயோ முதல் பட்ட மீனோ கொண்டுவந்து வைப்பார்கள். பூசை முடிந்ததும் கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பர் மணியை அடித்து அதை ஏலம் கூறுவார். காசு உண்டியலுக்குப் போகும். ஏலத்தில் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துத் தின்றுவிட வேண்டும். எறியக்கூடாது, புனிதரின் பொருள்.

சுவாமி உடுப்பு மாற்றப் போயிருந்தார். மூப்பர் வெளியே வந்து சாக்குகளைப் பார்த்தார். அவர் காலத்தில் அப்படியொரு காணிக்கை வந்ததில்லை. சுவாமியின் பிரசங்கத்தில் பாதி அவருக்கு எப்போதும் போல நித்திரை. நேரே போய் மணியை அடித்தார்.

“கட்டுக்கரைச் சனம் அந்தோனியாருக்குக் குடுத்த காணிக்கை! ஆர் கேக்கிறியள்?”

வயல்காரர் தடுத்திருக்கலாமே என்பீர்கள். அவர்கள் எங்கள் கரையில் மீன் ஏலம் போவதைப் பார்த்தவர்கள். கடற்கரைச் சனம் எதையும் இப்படித்தான் வாங்கும் போல என்று நினைத்துக்கொண்டு, விலை ஏற ஏற ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். தவக்காலத்தில் புனிதருக்குக் கொடுக்கிற காசு என்று எங்கள் ஆண்கள் கத்தரிக்காய்க்கு அடிபட்டார்கள். கடைசியில் பூசணிக்காய் வந்தது. அப்பாவும் ஊரில் இருந்த மற்றச் சம்மாட்டியும் எதிரெதிரே நின்றார்கள். எந்தக் கரையில் யார் வலை இழுப்பது என்று இருவருக்கும் கரைவலைப் பாட்டில் பழைய வழக்கு ஒன்று உண்டு. பூசணியை இருவருமே பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டு விலையை ஏற்றினார்கள். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். பூசணிக்காய் அப்பாவின் தோளில் ஏறியது.

அப்போதுதான் சுவாமி ஒரு கைக்குச் சட்டை போட்டபடி ஓடி வந்தார்.

“மூப்பர்! என்ன வேலை செய்து போட்டியள்? இது விக்கக் கொண்டந்தது! காணிக்கை இல்லை!”

மூப்பர் உண்டியலைக் கட்டிப்பிடித்தார். “உள்ள போட்டது போட்டதுதான் சுவாமி. அந்தோனியார் வேண்டினதை ஆருக்குத் திருப்பிக் குடுத்தவர்?”

“துலைஞ்சதை எல்லாம் எடுத்துக் குடுக்கிறவர் அவர்தானே! திறப்பைத் தாரும்!”

மூப்பர் மடியைத் தடவித் திறப்பை எடுத்தார். உண்டியல் திறந்தது. வயல்காரர் எல்லோருக்கும் அவரவர் காசு கிடைத்தது. ட்ரக்டர்ப் பெட்டிக்குப் பின்னால், முக்காட்டைக் கண் வரை இழுத்துவிட்டு நின்ற ஒரு பெண் மட்டும் கையை நீட்டவில்லை.

“என்ர பூசணிக்காய் அந்தோனியாருக்கே கிடக்கட்டும் சுவாமி.”

காணிக்கை என்றால் கொடுத்தவர் பெயரைச் சொல்லி மன்றாட வேண்டும். மூப்பருக்கு உயிர் வந்தது. “ஆர் குடுத்தது எண்டு சொல்லுறது, பிள்ளை?”

“சம்மாட்டியாற்ற தங்கச்சி எண்டு சொல்லுங்கோ.”

முக்காடு விலகியது. நான் மாமியை முதல்முதலாகக் கண்டது அப்படித்தான். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நாடி, வெயிலில் கறுத்த முகம். ஊர் முழுவதும் அப்பாவைப் பார்த்தது. தோளில் பூசணி. கீழே வைத்தால் புனிதருக்கு அவமரியாதை. கொண்டுபோனால் தங்கை பொருள். அசையாமல் நின்றார். இப்படி நிற்கிற சிலை ஒன்று எந்தக் கோயிலிலும் இல்லை.

“என்ன சம்மாட்டி, பாரமோ?” என்றார் மற்றச் சம்மாட்டி. “நான் வேணுமெண்டால் ஒரு கை பிடிக்கட்டோ?”

அது போதும். அப்பா விறுவிறென்று வீட்டுக்கு நடந்தார். வந்ததும் ஒழுங்கையில் நின்ற கழுதைக்கு முன்னால் பூசணியை நீட்டினார். அம்மா ஓடிப்போய்ப் பறித்தார்.

“அந்தோனியாற்ற பொருளைக் கழுதைக்கோ?”

“அந்தோனியாற்ற புதுமைக் கதையில அவருக்கு முன்னால முழங்காலில நிண்டது கழுதைதானே. அதுக்குப் பங்கில்லையோ?”

“இருக்கு. அதைத்தான் வீட்டில வச்சுச் சமைச்சுப் போடப் போறன்” என்று அம்மா உள்ளே போனார். அம்மாவும் மாமியும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கிலில் இருந்து படித்தவர்கள். அம்மா இந்த வீட்டுக்கு வந்ததே மாமி பார்த்து வைத்துத்தான். அண்ணனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவள் தனக்கு மாப்பிள்ளை பார்த்தது குற்றமாகிவிட்டது. அம்மா இத்தனை வருஷமும் வாயைத் திறக்காமல் கோவா அவித்தார். அன்று இறால் போட்டுப் பூசணிக்காய்க் கறி வைத்தார்.

“அந்த மண்ணில விளைஞ்சதை நான் தின்னமாட்டன்.”

“இது மண்ணில இருந்து வரேல்லை. கோயிலில இருந்து வந்தது. வேண்டினது நீங்கள். தின்னாட்டிப் பாவம் எனக்கில்லை.”

அப்பா தின்றார். ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்புக் காணாது” என்றார். பிறகு இன்னொரு முறை போடச் சொன்னார். எங்கள் வீட்டில் அப்படிக் கனிந்த, நார் விழாத, தன் இனிப்பில் தானே கரைகிற மரக்கறி அதற்கு முன் வந்ததில்லை என்பதை நான் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் எனக்கும் பிடித்தது. சனியன் அங்கேதான் தொடங்கியது.

அடுத்த ஞாயிறிலிருந்து சுவாமி சந்தையை மதிலுக்கு வெளியே மாற்றினார். வெளியே கிடந்தால் விற்பனை, உள்ளே வந்தால் காணிக்கை. எட்டுத் திசைக்கும் விளங்கிய ஏற்பாடு. பெண்கள் பூசைக்கு முன்பே வந்து கத்தரிக்காயைக் கிள்ளிப் பார்த்து, பேரம் பேசி, வயல்காரரோடு சண்டை பிடித்து, சண்டை பிடித்ததால் பழகி, பிள்ளைகள் பெயரைக் கேட்டு, மீன் இருந்தால் மீனைக் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். சுவாமி சொன்ன நன்மைகள் எல்லாம் உண்மையாகத்தான் நடந்தன. என் கடைவாய் வெடிப்பு மாறியது. இதற்குமேல் பட்டியலில் என்ன வேண்டும்?

ஆனால் மாமி ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பூசணிக்காயை மட்டும் தூக்கிக்கொண்டு மதிலுக்கு உள்ளே வந்து, அந்தோனியார் காலடியில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். ஒவ்வொரு ஞாயிறும் மூப்பர், “சம்மாட்டியாற்ற தங்கச்சி குடுத்த பூசணிக்காய்” என்று மணியடிப்பார். ஒவ்வொரு ஞாயிறும் மற்றச் சம்மாட்டி, பூசணி பிடிக்காத மனிதர், வேண்டுமென்று விலையை ஏற்றுவார். ஒவ்வொரு ஞாயிறும் அப்பா எடுத்துக்கொண்டு வருவார். வெளியே போய்த் தங்கையிடம் நேரே வாங்கினால் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். ஆனால் நேரே வாங்கினால் “என்ன விலை?” என்று கேட்க வேண்டுமே. முதலில் வாய் திறந்தவர் தோற்றவர்.

வீட்டில் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? பூசணிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய் வறை, பூசணிக்காயும் பயறும், பூசணிக்காயும் கருவாடும். ஒருநாள் புட்டுக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மாம்பழம் என்று ஆசையாக வாயில் வைத்தேன். அலுமாரிக்குக் கீழே ஒன்று, கட்டிலுக்குக் கீழே ஒன்று என்று காத்துக்கொண்டிருந்தன. அப்பா ஒவ்வொரு நாளும் குறை சொல்லிக்கொண்டே தின்றார். நான் குறை சொன்னால் மட்டும் காணிக்கைப் பொருளைப் பழிக்கக்கூடாது என்றார்கள்.

மதிலுக்கு வெளியே அம்மாவும் மாமியும் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

“அண்ணை தின்னிறாரோ, மச்சாள்?”

“தின்னிறார். உப்புக் காணாது, புளி காணாது எண்டு சொல்லிச் சொல்லித் தின்னிறார்.”

“அப்ப நல்லாத்தான் தின்னிறார்.”

“உனக்குச் சிரிப்பாக் கிடக்கு. அந்தாளிட்ட நீயே போய் ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?”

“நான் என்ர பேரைச் சொல்லித்தானே குடுக்கிறன். இனி அவர்தான் சொல்லவேணும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “மாமி, கத்தரிக்காய் குடுக்கேலாதோ? பயித்தங்காய் குடுக்கேலாதோ? ஏன் இந்தப் பூசணிக்காய்?”

மாமி என் கன்னத்தைப் பிடித்தார். கையில் மண் மணம். “கத்தரிக்காய் ரெண்டு நாளில வாடிப்போம் பிள்ளை. கீரை பின்னேரமே வாடிப்போம். பூசணிக்காய் வெட்டாமல் வச்சால் மாசக்கணக்கில இருக்கும். உன்ர அப்பா ஒரு முடிவுக்கு வரக் கனநாள் எடுக்குமல்லோ?”

உயிர்ப்புத் திருநாள் போயிற்று. குளத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. இன்னும் ஒரு ஞாயிறுதான், பிறகு அடுத்த அறுவடைக்கு அப்புறம்தான் ட்ரக்டர் வரும் என்று வயல்காரர் சொன்னார்கள். எங்கள் பக்கமும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முகம் காட்டத் தொடங்கியிருந்தது. அது முழுதாக விழுந்தால் கடல் கொந்தளித்துத் தொழில் நின்றுவிடும். அந்தக் கிழமை முழுவதும் அம்மா அப்பாவோடு ஒரு சொல் பேசவில்லை. ஒரே வீட்டுக்குள் பேசாதவர்கள் தொகை கூடிக்கொண்டே போனது. எனக்கு என்ன கவலை என்றால், இந்த ஞாயிறும் அப்பா வாய் திறக்காவிட்டால் மாமி அடுத்த வருஷமும் பூசணியைத்தான் கொண்டு வருவார்.

அந்த ஞாயிறு விடிய அப்பாவைக் காணவில்லை. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. எத்தனையோ பேரை வைத்து வேலை வாங்குகிற சம்மாட்டி தன் கையால் தூண்டில் பிடிப்பதும் இல்லை. அப்பா இரண்டையும் செய்திருந்தார். பூசை தொடங்கிய பிறகு, சறம் முழங்கால் வரை நனைந்தபடி, ஒரு பெரிய பாரை மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து அந்தோனியார் காலடியில் வைத்தார். பக்கத்தில் மாமியின் பூசணிக்காய் இருந்தது. சுவாமி பீடத்திலிருந்து பார்த்துவிட்டு வாசிப்பில் ஒரு வரியைத் தவறவிட்டார்.

பூசை முடிய மூப்பர் மணியடித்தார். “சம்மாட்டியார் குடுத்த பாரை. ஞாயிற்றுக்கிழமை பிடிச்சது” என்று கடைசிச் சொற்களைச் சற்று அழுத்தினார். “ஆர் கேக்கிறியள்?”

ஒருவரும் கேட்கவில்லை. மீன்காரர் ஊரில் மீனை யார் ஏலத்தில் எடுப்பது? அப்பா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒரு ரூபா!” என்று மதிலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

எங்கள் கோயிலில் பெண்கள் ஏலம் கேட்பதில்லை. வெளியில் நின்று கேட்பது கேள்விப்படாதது. மூப்பர் மணியைக் கையில் பிடித்தபடி சுவாமியைப் பார்த்தார். “சுவாமி, மதிலுக்கு அங்கால நிண்டு கேட்டால் செல்லுமோ?”

சுவாமி அந்தத் தவக்காலம் முழுவதும் எங்கள் ஊரைச் சகித்திருந்தார். “மூப்பர், கூறும்!” என்றார்.

மற்றச் சம்மாட்டிக்குப் பழக்கதோஷம். “ரெண்டு ரூபா” என்று வாய் திறந்துவிட்டார். அவருடைய மனுசி பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

“பத்து!” என்றது மதில்.

ஒருதரம், இரண்டுதரம். மூன்றாந்தரம் சொல்வதற்குள் அப்பா வெடித்தார்.

“விசரி! ஒரு பாரைக்கு ஆரும் பத்து ரூபா குடுப்பினமோ?”

அதுதான் அத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தங்கைக்குச் சொன்ன முதல் சொல். 

“ஒரு பூசணிக்காய்க்கு நீங்கள் குடுத்ததை எண்ணிப் பாருங்கோவன் அண்ணை!” என்றது மதில். அதுவும் சண்டைக்குரல்தான்.

அப்பா பாரையைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டி வெளியே போனார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம், ஊரே போனது. மாமி ட்ரக்டர்ப் பெட்டியில் சாய்ந்து நின்றார். அப்பா மீனின் செவுளைத் திறந்து காட்டினார், வாங்குகிறவருக்குக் காட்டுவது போல.

“பார், ரத்தச் சிவப்பு. விடியப் பட்டது. இந்த வெய்யிலில ட்ரக்டரில கொண்டு போனியெண்டால் உன்ர ஊர் போய்ச் சேர முதல் நாறிப்போம்.”

“அப்ப நான் என்ன செய்யிறது?”

அப்பா தங்கையிடமிருந்து திரும்பினார். அம்மாவைப் பார்த்து எரிந்து விழுந்தார். “இஞ்சேர், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அடுப்பு மூட்டினனியோ இல்லையோ? அவளைப் புருசனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு. அங்க ட்ரக்டருக்குக் கீழ ஒளிச்சு நிக்கிறார்.”

கடற்கரையில் எங்கள் வாடிக் கொட்டிலில் கருவாடு மலையாகக் கிடந்தது. அதைக் கொடுத்திருந்தால் மாமி கட்டிக்கொண்டு போய் ஒரு வருஷம் வைத்துத் தின்றிருக்கலாம். அப்பா ஏன் நாட்பட இருக்காத பச்சை மீனைத் தேடி, ஞாயிற்றுக்கிழமை, சோளகக் கடலில் தனியாகப் போனார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன். உங்கள் பட்டியலிலும் தேடிப் பார்த்தேன். விடியப் பிடித்தது மத்தியானம் சட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அதற்காக ஆளை வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டி வரும் என்பது இல்லை.

அன்று மத்தியானம் கடலில் கால் நனைக்காத மாமா எங்கள் வீட்டுக் கதிரையின் விளிம்பில் இருந்தார். அப்பா பாரையின் தலையை அவர் சோற்றுக் கோப்பையில் போட்டார்; எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அம்மா பாரைக் குழம்போடு, கட்டிலுக்குக் கீழே இருந்த கடைசிப் பூசணிக்காயையும் கறியாக்கியிருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க மாமி ஒரு வாய் வைத்து, மெதுவாகச் சப்பி விழுங்கினார்.

“மீன் நல்லாக் கிடக்கு. பூசணிக்காய்க்கு உப்புக் காணாது, மச்சாள்.”

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் போட்ட சத்தத்தில் வெளியில் நின்ற கழுதை ஓடியது. “அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே நாக்கு! உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டு நான் பட்ட பாட்டுக்கு, இனி நீங்களே சமையுங்கோ!”

அப்பா சிரித்தார். மாமியும் சிரித்தார். அந்தக் குழப்பத்தில் நான் என் கோப்பையிலிருந்த பூசணிக்காயை ஒவ்வொரு துண்டாக மாமியின் கோப்பைக்குத் தள்ளினேன். மாமி குனிந்து பார்த்துவிட்டு முழுவதையும் தின்று முடித்தார்.